முந்நூறா, எழுபதா? ஹேரியட் டப்மனின் சாலையோரப் பலகை சொல்வதும் ஆவணங்கள் சொல்வதும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பக்டவுன் பகுதியில், அடிமையாகப் பிறந்து தப்பிய கறுப்பினப் பெண் ஹேரியட் டப்மனுக்காக வைத்த பழைய சாலையோரப் பலகை, அவர் சுமார் முந்நூறு அடிமைகளை வடக்கே அழைத்துச் சென்று விடுவித்ததாகச் சொல்கிறது. அண்மைக்கால ஆய்வுகளோ எழுபது பேர் என்கின்றன. எது சரி? பலகை தவறு என்றால் அந்தத் தவறு எப்படி உலோகத்தில் ஏறியது? இன்று ஒரு பலகை வைக்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: எழுபதுதான் ஆதாரத்தோடு ஒட்டிவரும் எண். சுமார் பதின்மூன்று பயணங்களில் ஏறக்குறைய எழுபது பேரை டப்மன் நேரில் அழைத்து வந்தார். அதே அளவுக்கு இன்னும் பலர், எந்த வழியில் போக வேண்டும், யாருடைய வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு தாமாகவே தப்பினார்கள். முந்நூறு என்ற எண்ணுக்கு அவர் காலத்து ஆவணம் எதுவும் துணை நிற்கவில்லை.

பலகையின் வாசகம் சிறியது. 1820–1913 என்ற ஆண்டுகள். தம் மக்களின் மோசே (விவிலியத்தில் இஸ்ரவேலரை அடிமைத்தளையிலிருந்து அழைத்துச் சென்றவர்) என்று அழைக்கப்பட்ட, பக்டவுன் வட்டாரத்தைச் சேர்ந்த டப்மன் தானும் விடுதலை பெற்று, சுமார் முந்நூறு அடிமைகளையும் வடக்கே அழைத்துச் சென்றார். உள்நாட்டுப் போரில் வடபுலப் படைக்குச் செவிலியாகவும் வேவுக்காரராகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். அவ்வளவுதான். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி, 1960களில், மேரிலாந்தின் நூற்றாண்டுக் குழு வைத்த பலகை அது. எழுதியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த நூல்களில் அப்படித்தான் இருந்தது.

அந்த நூல்களுக்கு மூலம் சாரா பிராட்ஃபோர்ட். டப்மன் கடனில் தவித்த நேரத்தில், நிதி திரட்டுவதற்காக அவருடைய வாழ்க்கையை அவசரமாக எழுதி 1869ல் வெளியிட்டவர். 1886ல் அதையே விரித்து மீண்டும் ஒரு நூலாக்கினார். பத்தொன்பது பயணங்கள், முந்நூறு பேர் என்ற கணக்கு அங்கிருந்துதான் பரவியது. நல்லெண்ணத்தோடு, பணம் திரட்டும் நோக்கத்தோடு எழுதிய புத்தகத்தில் எண் பெரிதாவது இயல்பு. பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் முந்தையவரைப் பார்த்து எழுதினார்கள். 1914ல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகர நீதிமன்றத்தில் பதித்த வெண்கலப் பலகையில் அது ‘முந்நூறுக்கும் மேல்’ ஆகிவிட்டது. அதோடு நில்லாமல், அந்த மீட்புகள் உள்நாட்டுப் போரின்போது நடந்ததாகவும் அந்தப் பலகை சொல்கிறது. போர் தொடங்கியது 1861 ஏப்ரலில். டப்மனின் கடைசி மீட்புப் பயணம் 1860 இறுதியிலேயே முடிந்துவிட்டது. அவர் இறந்த மறு ஆண்டே, அவரை நேரில் அறிந்த ஊர்க்காரர்கள் செலவழித்து வைத்த பலகையிலேயே இவ்வளவு பெரிய பிழை.

இதற்கு எதிரே வைக்க வேண்டிய சாட்சி டப்மன் தான். 1858, 1859 ஆண்டுகளில் பாஸ்டன் பக்கம் நடந்த கூட்டங்களில், எட்டு ஒன்பது முறை திரும்பிப் போய் ஐம்பது அறுபது பேரை அழைத்து வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரே ஒரு பயணம், ஏழு பேர். வரலாற்றாய்வாளர் கேட் கிளிஃபர்ட் லார்சன் 2004ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்காக, நீதிமன்றப் பதிவுகள், கடிதங்கள், பிலடெல்ஃபியாவில் தப்பி வந்தவர்களுக்கு உதவிய வில்லியம் ஸ்டில் வைத்திருந்த குறிப்பேடுகள் ஆகியவற்றிலிருந்து ஆள் ஆளாகப் பெயர் சொல்லி எண்ணினார். எழுபது என்ற எண் அப்படி வந்தது. இந்த எண்ணை நான் நம்புவதற்குக் காரணம், அதற்குள் பெயர்கள் இருக்கின்றன. முந்நூறுக்குள் பெயர்கள் கிடையாது.

எண் சிறியதானதும் சாதனையும் சிறியதாகிவிட்டதாகச் சிலர் வருந்துகிறார்கள். அந்தப் பயணங்கள் எப்படி நடந்தன என்று தெரிந்தால் அந்த வருத்தம் வராது.

1849 இலையுதிர்காலத்தில் டப்மன் தப்பியபோது பிலடெல்ஃபியா வரை சுமார் நூறு மைல். சேர்ந்தபின் சமையலும் வீட்டுவேலையும் செய்து கூலி சேர்த்தார். கோடைகாலத்தில் நியூஜெர்சியின் கேப் மே கடற்கரை விடுதிகளில் வேலை பார்த்தார். பயணச் செலவு பெரும்பாலும் அந்தக் கூலிதான். 1850 செப்டம்பரில் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வடமாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்றானதால், பிலடெல்ஃபியாவோடு நிற்காமல் நயாகராவைத் தாண்டி கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. நூறு மைல் பயணம் பல நூறு மைலாக நீண்டது.

முதல் மீட்பு 1850 டிசம்பரில். அண்ணன் மகளோ அக்காள் மகளோ என்ற உறவு விவரத்தை விட, நடந்த விதம் முக்கியம்: கெஸையா என்ற அந்தப் பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் கேம்பிரிட்ஜ் நகர நீதிமன்ற வாசலில் ஏலம் விட்டார்கள். (இது மேரிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ்.) அவளுடைய கணவர் ஜான் பௌலி, சுதந்திரமான கறுப்பினத்தவர், கப்பல் தச்சர். அவரே ஏலம் கேட்டார். பணம் கட்ட அழைத்தபோது ஆள் இல்லை, குடும்பமே மறைந்துவிட்டது. படகில் பால்டிமோர் போனார்கள், அங்கே டப்மன் காத்திருந்தார்.

1854 கிறிஸ்துமஸ் பயணத்துக்கு எழுத்துச் சான்று இன்னும் கெட்டி. சகோதரர்கள் ராபர்ட், பென், ஹென்றி மூவரையும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விற்க ஏற்பாடாகியிருந்தது. டப்மன், எழுதப்படிக்கத் தெரிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற சுதந்திரமான கறுப்பினத்தவருக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார்: சகோதரர்களை எப்போதும் பிரார்த்தனையில் விழித்திருக்கச் சொல்லுங்கள், சீயோனின் நல்ல கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கட்டும் என்று. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் தபால் அதிகாரிகளுக்கு அது பக்திப் பேச்சு. புரியவேண்டியவருக்குப் புரிந்தது. போகும் வழியில் போப்ளர் நெக் என்ற இடத்தில், பெற்றோரின் குடிசைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் ஒளிந்திருந்தார்கள். தந்தை பென் ராஸ் உணவு கொண்டுவந்தார். வழியனுப்பும்போது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார், பிள்ளைகளைப் பார்த்தாயா என்று கேட்டால் பார்க்கவில்லை என்று உண்மையாகவே சொல்வதற்காக. அம்மாவிடம் சொல்லவே இல்லை. அழுது காட்டிக்கொடுத்துவிடுவார் என்ற அச்சம். டிசம்பர் 29 அன்று வில்லியம் ஸ்டில் தன் குறிப்பேட்டில் அவர்களைப் பதிவு செய்தார்.

குளிர்காலத்து நீண்ட இரவுகளும் சனிக்கிழமைப் புறப்பாடும் அவர் வகுத்த முறையின் பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை அச்சு வேலை நடக்காது, ஓடிப்போனவர்கள் பற்றிய விளம்பரம் திங்கள்கிழமைக்கு முன் வெளிவராது. 1856ல் ஜோ பெய்லி என்பவரை அழைத்து வந்தபோது அவர் தலைக்கு 1500 டாலர் வெகுமதி அறிவித்திருந்தார்கள். டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் பாலத்தைக் காவலர்கள் மறித்திருந்தார்கள். அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர் தாமஸ் காரெட், செங்கல் வேலைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் வண்டியை அனுப்பி, திரும்பி வரும்போது அதன் அடியில் அவர்களைப் படுக்கவைத்துப் பாலத்தைக் கடத்தினார்.

கடைசிப் பயணத்தையும் சொல்லியாக வேண்டும். 1860 இறுதியில் தங்கை ரேச்சலையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அழைத்துவரப் போனார். ரேச்சல் அதற்குள் இறந்துவிட்டாள். பிள்ளைகளை மீட்கக் கையூட்டாக முப்பது டாலர் தேவைப்பட்டது, அது இல்லை. எனால்ஸ் என்ற வேறொரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு திரும்பினார். முந்நூறு என்ற எண் இந்த முப்பது டாலரை மறைத்துவிடுகிறது. பெரும்பாலும் தன் குடும்பத்தையும் அண்டை அயலாரையும் மீட்க, ஒரே வட்டாரத்துக்கு, தன்னை முகம் தெரிந்தவர்கள் நடமாடும் சாலைகளுக்கே பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனவர் அவர். அந்த உண்மை எனக்கு எந்தப் பெரிய எண்ணையும் விடப் பெரிது.

பெரிய எண்தான் வேண்டும் என்றால் அதுவும் ஆவணத்தில் இருக்கிறது. 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் காம்பஹீ ஆற்றில் கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரியின் படையோடு போய், முன்னதாகச் சேகரித்த வேவுத் தகவலால் வழிகாட்டி, ஒரே நாளில் 700க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெறக் காரணமாக இருந்தார். பக்டவுன் பலகை இதை ‘வேவுக்காரர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டு, ஆதாரமற்ற முந்நூறுக்கு இடம் கொடுத்தது.

அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்திருந்தார்கள் என்பதும் இதே வகைக் கதை. அப்படி ஓர் அறிவிப்பு எங்கும் இல்லை. 1865ல் ஜனாதிபதி லிங்கனைக் கொன்றவனுக்கே 50,000 டாலர்தான். உண்மையில் கையில் இருப்பது 1849 அக்டோபர் 3 தேதியிட்ட ஒரு விளம்பரம். டப்மனும் சகோதரர்கள் பென், ஹாரி (ஹென்றி) இருவரும் முதலில் ஒன்றாகத்தான் ஓடினார்கள் (சகோதரர்கள் பயந்து திரும்பிவிட, பிறகு டப்மன் தனியாகப் போனார்). மூவரையும் தேடி உடைமைக்காரி எலைசா பிராடெஸ் கொடுத்த விளம்பரம் அது: மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு நூறு டாலர், உள்ளே பிடித்தால் ஐம்பது.

இந்த விளம்பரம் பிறந்த ஆண்டுச் சிக்கலுக்கும் உதவுகிறது. அதில் அவர் பெயர் மின்ட்டி, அதாவது அரமின்ட்டா என்ற இயற்பெயரின் சுருக்கம். வயது சுமார் 27. கணக்கிட்டால் 1822. அதன் அச்சுப் பிரதி 2003ல்தான் கிடைத்தது. இன்னொரு சான்று: 1822 மார்ச் 15 அன்று, டப்மனின் தாய் ரிட் இருந்த பண்ணையின் முதலாளி ஆன்டனி தாம்சன் ஒரு மருத்துவச்சிக்கு இரண்டு டாலர் கொடுத்ததாகக் கணக்கு. இரண்டும் பொருந்துவதால் 1822 என்று இன்று ஏற்கிறார்கள். ஆனால் பலகைகளைப் பாருங்கள்: பக்டவுனில் 1820, ஆபர்ன் நீதிமன்றத்தில் சுமார் 1821, ஃபோர்ட் ஹில் கல்லறைக் கல்லில் சுமார் 1820. இறப்புச் சான்றிதழில் 1815. ஓய்வூதியத்துக்காக அவரே கொடுத்த வாக்குமூலத்தில் 1825. அடிமையாகப் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு கிடையாது, ஆகவே அவருக்கே உறுதியாகத் தெரியாது. இத்தகையவர்களைப் பற்றி எழுதும்போது ‘சுமார்’ என்ற சொல்லைப் பலகையில் போடத் தயங்கக் கூடாது. இடம் மிச்சம் என்று அதை வெட்டுவதுதான் நான் பார்க்கும் மிகப் பொதுவான பிழை.

பலகை நிற்கும் இடமும் ஒரு கூற்றுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. பக்டவுன் பலகையின் வாசகம் அவர் அங்கே பிறந்ததாகச் சொல்லவில்லை. ‘பக்டவுன் வட்டாரத்தைச் சேர்ந்த’ என்று மட்டுமே சொல்லிற்று. ஆனால் கிரீன்பிரையர் சாலையில், பிராடெஸ் பண்ணை ஓரமாக அது நின்றதால், வந்தவர்கள் அனைவரும் அதையே பிறந்த இடமாக எடுத்துக்கொண்டார்கள். ஆவணங்களின்படி அவர் பிறந்தது மேற்கே, பீட்டர்ஸ் நெக் என்ற இடத்தில் இருந்த தாம்சன் பண்ணையில். ரிட்டும் பிள்ளைகளும் சில ஆண்டுகள் கழித்தே பிராடெஸ் பண்ணைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தாம்சன் தன் உயிலில் பென் ராஸுக்குப் பத்து ஏக்கர் பயன்பாட்டு உரிமை எழுதிவைத்திருந்தார். அந்த நிலம் பின்னாளில் பிளாக்வாட்டர் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்தது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் தொல்லியலாளர்கள் 2020 நவம்பரில் அங்கே 1808ஆம் ஆண்டு நாணயம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். தொடர்ந்து தோண்டியதில் வீட்டின் தடயம் கிடைத்து, 2021 ஏப்ரலில் அது பென் ராஸின் குடியிருப்பு என்று அறிவித்தார்கள்.

இனி, புதிதாக ஒன்று வைப்பது பற்றி. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியா 1927லேயே தொடங்கிய பழைய திட்டம். அங்கே விண்ணப்பிப்பவர்தான் செலவை ஏற்கிறார், வாசகம் சுமார் நூறு சொல்லுக்குள் இருக்க வேண்டும், மாநில வரலாற்று வளத் துறை திருத்தி, வாரியம் ஒப்புக்கொண்ட பிறகே வார்ப்புக்குப் போகும். வட கரோலினாவில் 1935ல் தொடங்கிய திட்டத்தில் வாசகம் மிகச் சுருக்கம். பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு முடிவு செய்கிறது. நியூயார்க்கில் 1926ல் தொடங்கிய நீலம் மஞ்சள் பலகைகளுக்கு மாநில நிதி 1939ல் நின்றுபோனது. இப்போது பெருமளவு சிரக்யூஸ் நகரில் உள்ள வில்லியம் பொமராய் அறக்கட்டளையின் நிதியில் வருகின்றன, விண்ணப்பத்தோடு மூல ஆவணங்களை வைத்தால்தான் பணம். மேரிலாந்தில் மாநில வரலாற்று அறக்கட்டளையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. ஒரு பலகைக்கு வார்ப்பு, தூண், போக்குவரத்து எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் ஆகும். விண்ணப்பத்திலிருந்து திறப்பு விழா வரை ஓராண்டாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் முக்கால் பங்கு ஆவணம் தேடுவது. அடிமைப்பட்டிருந்தவர்களைத் தேடும்போது அவர்கள் பெயரில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. உடைமையாளர் பெயரில் தேட வேண்டும். உயில்கள், இறந்தவர் சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம், வரி மதிப்பீடு, அடமானம், ஓடிப்போனவர் விளம்பரம். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கின் அடிமைப் பட்டியலில் அநேகமாக வயது, பால், நிறம் மட்டும்தான், பெயர் இராது. விடுதலை பெற்ற எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கில். பக்டவுன் இருக்கும் டார்செஸ்டர் மாவட்ட நீதிமன்றம் 1852ல் தீப்பற்றியதில் பல பதிவேடுகள் அழிந்தன, எனவே அங்கே இடைவெளிகள் இருக்கும். அண்டை மாவட்டப் பதிவுகளையும் மேல்நீதிமன்ற வழக்குக் கட்டுகளையும் பார்க்க வேண்டும். டப்மனே இந்தத் தேடலைச் செய்தவர். ஒரு வழக்கறிஞருக்கு ஐந்து டாலர் கொடுத்துப் பழைய உயில்களைத் தேடச் சொன்னார். ஆத்தோ பாட்டிசன் என்பவரின் உயிலில், ரிட்டை 45 வயதில் விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது தெரியவந்தது. பிராடெஸ் குடும்பம் அதை மதிக்கவே இல்லை.

மறைவிட வீடுகள் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை. தப்பியோடியவர்களுக்கு உதவிய மறைமுக வலைப்பின்னலுக்கு ‘நிலத்தடி ரயில்பாதை’ என்று பெயர் என்பதாலேயே, நிலவறையும் சுரங்கமும் உள்ள பழைய வீடு எதைக் கண்டாலும் அது அவர்கள் தங்கிய இடம் என்று ஊரில் பேச்சு இருக்கும். பெரும்பாலும் அது கிழங்கு சேமித்த அறை. குடும்பப் பேச்சு ஒரு தடயம், அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். பலகையில் ஏற்றக் கூடாது. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் ‘விடுதலைக்கான வலைப்பின்னல்’ திட்டம், 1998 சட்டத்தின் கீழ் வந்தது, இடங்களைப் பட்டியலில் சேர்க்க என்ன சான்று கேட்கிறது என்று பார்த்து அதே அளவுகோலை உங்கள் வாசகத்துக்கும் வையுங்கள்.

வாசகம் எழுதும்போது ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’ என்ற மூன்றையும் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு பெயர், ஆண்டு, எண்ணுக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாத சொல் பலகைக்குப் போகக் கூடாது. மேற்கோள் வேண்டுமென்றால் அவர் சொன்னதாகப் பதிவான வடிவத்தைத் தேடுங்கள். 1896ல் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில், தன் ரயிலைத் தடம் புரளவிட்டதுமில்லை, ஒரு பயணியை இழந்ததுமில்லை என்று டப்மன் பேசினார். அதே வாசகத்தை ஆபர்ன் பலகை, எழுத்தைச் சிதைத்து, கொச்சை உச்சரிப்பில் வெண்கலத்தில் பொறித்தது. மரியாதை செய்ய வந்தவர்களே செய்த அவமரியாதை அது. அவருடைய சொல்லை நேரான எழுத்தில் போடுங்கள்.

பிறகு வார்ப்பு. இன்று பெரும்பாலும் அலுமினியம். பழைய வார்ப்பிரும்புப் பலகைகள் துருப்பிடித்தன, வண்டி மோதினால் விரிசல் விட்டன. ஒஹாயோவின் மரியெட்டாவில் உள்ள செவா ஸ்டூடியோஸ் 1927 முதல் இதைச் செய்கிறது. பலகையில் தனித்தனி எழுத்துகளைக் கோத்து ஒரு மாதிரி செய்து, மணலில் அழுத்தி அச்செடுத்து, உருக்கிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். அலுமினியம் குளிரும்போது நூற்றுக்கு 1.3 அளவு சுருங்கும். 40 அங்குலப் பலகைக்கு மாதிரி அரை அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஆறியபின் தேய்த்து, பின்னணி வண்ணம் பூசி, மேடாக நிற்கும் எழுத்துகளுக்கு மட்டும் உருளையால் மாற்று வண்ணம். எழுத்து உலோகத்தோடு ஒன்றாக வார்க்கப்படுவதால் ஒரு ஆண்டைத் திருத்தக்கூட அழகான வழி கிடையாது. தேய்த்து ஒட்டினால் தெரியும். சரியாகச் செய்வதென்றால் மறுபடி வார்க்க வேண்டும், முழுச் செலவு. பிழை தெரிந்தும் பலகையை ஏன் உடனே மாற்றவில்லை என்று கேட்டால், அதற்கான பதிலும் இங்கேதான். பணம் ஒதுக்கும்வரை, அல்லது ஒரு வண்டி மோதிச் சாய்க்கும்வரை, பழைய வாசகம் நிற்கும். பட்டறை அனுப்பும் கடைசி மெய்ப்புப் படியை வாசகம் எழுதாத ஒருவரிடம் கொடுத்து, எழுத்து எழுத்தாகப் பின்னிருந்து முன்னாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வாசகம் இருந்தால் இரண்டையும்.

இடம் தேர்வு செய்யும்போது சாலையின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 55 மைல் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 80 அடி போகும். ஓர் அங்குல உயர எழுத்தை சுமார் 30 அடியிலிருந்துதான் படிக்க முடியும்; ஒன்றரை அங்குலம் என்றால் 45 அடி. அதாவது ஓட்டுநருக்குக் கிடைப்பது அரை நொடி. ஆகவே ஐம்பது சொல் வாசகம் வைக்கிறீர்கள் என்றால், இரண்டு வண்டியாவது பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். அது இல்லாவிட்டால், அரை மைல் தள்ளி, ஒதுங்க இடம் உள்ள பக்கத்தில் வைத்து, சம்பவம் நடந்த இடம் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று வாசகத்திலேயே சொல்லிவிடலாம். பீட்டர்ஸ் நெக் போன்ற சதுப்பு நிலத்துக்கு இதுவே சரியான வழி, அங்கே சாலையே சில நாள் நீரில் மூழ்கும்.

நெடுஞ்சாலை ஓரம் என்றால் துறையின் எழுத்து அனுமதி, தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல். குழி தோண்டுமுன் 811க்கு அழைத்து, நிலத்தடிக் கம்பி, குழாய்களைக் குறித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். சில நாள் அவகாசம் வைத்து அழையுங்கள். தூண் ஏழடி என்றால் மூன்றடிக்கு அருகில் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும், ஈர மண்ணில் இன்னும் அகலமான அடித்தளம். வேகமான சாலையில் மோதினால் முறிந்து விழும் வகைத் தூண் கேட்பார்கள். அதைத் தவிர்க்க முயலாதீர்கள், அது மோதுபவர் உயிரைக் காப்பதற்கு.

வைத்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பனி அகற்றும் வண்டியும் சாலை உப்பும் பூச்சைத் தின்னும். பத்துப் பதினைந்து ஆண்டில் மறுவண்ணம் தேவைப்படும். பழைய இரும்புக் கடையில் விற்கத் திருடுபவர்களும் உண்டு. வெறுப்பினால் தாக்குபவர்களும் உண்டு: மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற சிறுவனின் உடல் கிடைத்த ஆற்றங்கரையில் வைத்த பலகையை மீண்டும் மீண்டும் சுட்டுத் துளைத்ததால், 2019ல் குண்டு துளைக்காத, 500 பவுண்டு எடையுள்ள பலகையை வைத்தார்கள். கறுப்பின வரலாற்றைச் சொல்லும் பலகைக்கு, மாற்றுப் பலகைக்கான நிதியை முதல் நாளே தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

பக்டவுனுக்கு இன்று ஐம்பது சொல்லுக்குள் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: “ஹேரியட் டப்மன், சுமார் 1822–1913. இங்கிருந்து மேற்கே பீட்டர்ஸ் நெக்கில் அடிமையாகப் பிறந்து, பிராடெஸ் பண்ணையில் வளர்ந்தார். 1849ல் தப்பினார். 1850 முதல் 1860 வரை சுமார் 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பி, குடும்பத்தாரும் அயலாருமாக ஏறக்குறைய 70 பேரை விடுதலைக்கு அழைத்துச் சென்றார். 1863ல் காம்பஹீ ஆற்றுத் தாக்குதலில் 700க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற வழிகாட்டினார்.”

பழைய பலகையைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளூர் அருங்காட்சியகத்தில், எந்த ஆண்டில் யார் வைத்தது, எந்த எண் எதனால் மாறியது என்ற குறிப்போடு வைக்கலாம். புதிய பலகைக்காகச் சேர்த்த ஆவண நகல்களில் ஒரு தொகுப்பை மாநிலத் திட்ட அலுவலகத்துக்கும் இன்னொன்றை மாவட்ட நூலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள்; இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து எழுபது என்ற எண்ணை யாராவது சந்தேகித்தால், அந்தப் பெயர்களை அவர்கள் மறுபடி எண்ணிப் பார்க்க முடியும்.